மேல்மாடிக் கணினி கீழே தெரியவில்லை, பிழை எண் 80070035

செந்தூல்வாசி · கோலாலம்பூர்

வணக்கம். இரண்டு மாடி தெரெஸ் வீடு. மேல்மாடி அறையில் மேசைக்கணினி: விண்டோஸ் 11 புரோ, 24எச்2. கீழே ஹாலில் மடிக்கணினி: விண்டோஸ் 11 ஹோம். ஃபைபர் லைன் ஹாலில் இறங்குகிறது, லைனோடு வந்த ரூட்டரும் அங்கேதான். மேலே வைஃபை எட்டாததால் லோயாட்டில் வாங்கிய டெகோ ஒன்றை (டிபி-லிங்க்கின் வைஃபை பரப்பும் கருவி) மேல்மாடியில் வைத்து, ரூட்டரிலிருந்து கேபிள் இழுத்து மாட்டியிருக்கிறது. மேசைக்கணினி டெகோவில், மடிக்கணினி ஹால் ரூட்டரின் வைஃபையில்.

மேசைக்கணினியில் ஒரு கோப்புறையைப் பகிர்ந்தாகிவிட்டது. மடிக்கணினியில் நெட்வொர்க்கைத் திறந்தால் அதன் சொந்தப் பெயர் மட்டும் வருகிறது. முகவரியை நேராகத் தட்டினால் 80070035, பாதை கிடைக்கவில்லை என்கிறது. ஃபயர்வாலை அணைத்துப் பார்த்தும் மாற்றமில்லை. இரண்டிலும் இணையம் நன்றாக ஓடுகிறது. கோப்புகள் கிடைத்தால் போதும்; மேல்மாடித் திரையையே கீழே கொண்டுவர முடிந்தால் இன்னும் நல்லது.

பட்டர்வொர்த்_வயரிங் · பினாங்கு

முதலில் ஃபயர்வாலைத் திரும்பப் போடுங்கள் தம்பி. அதை அணைத்து இந்தப் பிழை தீர்ந்தவர்கள் குறைவு. அணைத்ததை மறந்துபோனவர்கள்தான் நிறைய.

பிறகு இரண்டு கணினியிலும் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் கொடுங்கள். (இங்கே கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறோம், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டவும்.) வரும் பட்டியலில் இரண்டு வரி போதும்: ஐபிவி4 முகவரி, டிஃபால்ட் கேட்வே (கணினி வெளியே போகும் வாசல், அதாவது ரூட்டரின் முகவரி). இரண்டு கணினிக்கும் அதை இங்கே போடுங்கள். பகிர்வு அமைப்பை அதற்கு முன் தொடவே வேண்டாம்.

செந்தூல்வாசி · கோலாலம்பூர்

மேசைக்கணினி: 192.168.68.52, கேட்வே 192.168.68.1
மடிக்கணினி: 192.168.0.104, கேட்வே 192.168.0.1

பட்டர்வொர்த்_வயரிங் · பினாங்கு

கேட்வே இரண்டும் வேறு வேறு. கோளாறு அதுதான், வேறெங்கும் தேட வேண்டாம்.

192.168.68 என்பது டெகோ பெட்டியிலிருந்து வரும்போதே வைத்திருக்கும் எண். 192.168.0 ஹால் ரூட்டருடையது. ஒரே வீட்டுக்குள் இரண்டு ரூட்டர் இருந்து, இரண்டும் தனித்தனியாக முகவரி கொடுத்துக்கொண்டிருக்கின்றன. இணையம் இரண்டிலும் ஓடுவதால் எல்லாம் ஒன்று என்று தோன்றும். ஆனால் மடிக்கணினி 192.168.68.52-ஐத் தேடும்போது நடப்பதைப் பாருங்கள். அந்த எண் தன் நெட்வொர்க்கில் இல்லை என்பதால் கேட்வேயிடம் கொடுக்கிறது. ஹால் ரூட்டருக்கும் 68 என்றால் என்னவென்று தெரியாது, தெரியாததையெல்லாம் அது ஃபைபர் பக்கம் தள்ளிவிடும். மாடிப்படி ஏற வேண்டியது வாசல் தாண்டித் தெருவுக்குப் போய், அங்கேயே தொலைகிறது. மேசைக்கணினிக்கு யாரோ கதவைத் தட்டியதே தெரியாது. அதனால்தான் ஃபயர்வாலை அணைத்தும் பயனில்லை.

வேடிக்கை என்னவென்றால் எதிர்த்திசையில் போகும். மேல்மாடியிலிருந்து 192.168.0.104-ஐத் தேடினால், டெகோ அதைத் தன் முகவரியில் வெளியே அனுப்பிப் பதிலையும் வாங்கி வந்து கொடுக்கும். மேலிருந்து கீழே இறங்கும், கீழிருந்து மேலே ஏறாது. ஒரு பக்கம் மட்டும் வேலை செய்கிறது என்று யார் சொன்னாலும் முதலில் இரட்டை ரூட்டரைத்தான் சந்தேகப்பட வேண்டும். உறுதி செய்ய மேசைக்கணினியில் ட்ரேசர்ட் 8.8.8.8 கொடுங்கள். முதல் வரியில் 192.168.68.1, இரண்டாவது வரியில் 192.168.0.1 என்று இரண்டு வீட்டு முகவரி அடுத்தடுத்து வந்தால் சந்தேகமே இல்லை.

டெகோ செயலியில் மோர், அட்வான்ஸ்டு, ஆபரேஷன் மோட் என்று போய் ஆக்சஸ் பாயின்ட்டைத் தேர்ந்தெடுங்கள். டெகோ தானாக அணைந்து எழும். அதன் பிறகு முகவரி கொடுக்கும் வேலையை ஹால் ரூட்டர் மட்டுமே பார்க்கும், மேசைக்கணினிக்கும் 192.168.0 வரிசையில் எண் வந்துவிடும். வராவிட்டால் மேசைக்கணினியின் கேபிளைப் பிடுங்கிப் பத்து நொடி கழித்து மாட்டுங்கள், பழைய முகவரியை விட்டுவிடும்.

கெப்போங்_நெட் · கோலாலம்பூர்

அண்ணன் சொன்னது சரி, ஆனால் நானாக இருந்தால் தலைகீழாகச் செய்வேன். ஆக்சஸ் பாயின்ட்டுக்கு மாற்றினால் டெகோவின் பிள்ளைகள் நேரக்கட்டுப்பாடு, எந்தக் கருவிக்கு முன்னுரிமை என்பதெல்லாம் போய்விடும். லைனோடு வந்த ரூட்டரை எடுத்துவிட்டு, ஃபைபர் பெட்டியிலிருந்து நேரே டெகோவுக்குக் கேபிள் போட்டால் வீட்டில் ஒரே ரூட்டர்தான். யுனிஃபை (டிஎம் நிறுவனத்தின் ஃபைபர் சேவை) லைனாக இருந்தால் இணையத்துக்கு விலேன் 500 (லைனுக்குள் இணையத்துக்கென்று பிரித்த தடத்தின் எண்), பிபிபிஓஇ (லைனுக்குள் நுழையும் முறை) பயனர்பெயர், கடவுச்சொல் மூன்றும் வேண்டும். டிபி-லிங்க் கருவிகளில் யுனிஃபைக்கென்றே தயார் அமைப்பு உண்டு, விலேன் எண்ணைக் கையால் போட வேண்டியதில்லை.

பட்டர்வொர்த்_வயரிங் · பினாங்கு

பிபிபிஓஇ கடவுச்சொல் கையில் இருப்பவருக்கு அது நல்ல வழி. இல்லாதவர் ரூட்டரைக் கழற்றிவிட்டு ஒரு நாள் முழுக்க இணையம் இல்லாமல் நிற்பார். டிவி பெட்டி வேறு இருந்தால் அது விலேன் 600, அதையும் பார்க்க வேண்டும். இவருக்குத் தேவை கோப்புகள்தான். அதற்கு இரண்டு நிமிட வேலை போதும்.

சிராஸ்_கொண்டோ · கோலாலம்பூர்

குறுக்கே வருகிறேன். மடிக்கணினியை டெகோவின் வைஃபைக்கு மாற்றிவிட்டால் வேலை முடிந்ததே? எதற்கு இவ்வளவு?

பட்டர்வொர்த்_வயரிங் · பினாங்கு

முடியும். ஆனால் ஹாலில் இருக்கும் பிரிண்டரும் டிவியும் அந்தப் பக்கமே நின்றுவிடும், அடுத்த வாரம் அதே கேள்வி வேறு பெயரில் வரும். இன்னொன்று: கெஸ்ட் வைஃபையில் ஒட்டிக்கொண்டு தேடாதீர்கள். அதன் வேலையே ஒரு கருவியை இன்னொன்றின் கண்ணில் படாமல் வைப்பது. சில ரூட்டர்களில் சாதாரண வைஃபைக்கும் ஏபி ஐசொலேஷன் என்று ஒரு பொத்தான் இருக்கும், அது அணைந்திருக்க வேண்டும்.

செந்தூல்வாசி · கோலாலம்பூர்

ஆக்சஸ் பாயின்ட்டுக்கு மாற்றியாயிற்று. மேசைக்கணினி இப்போது 192.168.0.110. ஆனால் இன்னும் அதே 80070035.

ஜெலுத்தோங்_அக்கா · பினாங்கு

எதிர்பார்த்ததுதான். கேட்வே மாறியதும் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 11 புது நெட்வொர்க் எதையும் பப்ளிக் என்றுதான் வைக்கும். பப்ளிக்கில் பகிர்வுக் கதவு மூடியிருக்கும்.

மேசைக்கணினியில் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட். மேலேயே பப்ளிக், பிரைவேட் என்று இரண்டு இருக்கும், பிரைவேட்டைத் தேர்ந்தெடுங்கள். மடிக்கணினியில் வைஃபை, ப்ராப்பர்ட்டீஸ் உள்ளே அதே தேர்வு. பிறகு இரண்டிலும் அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ் போய், பிரைவேட் பகுதியில் நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் இரண்டையும் போடுங்கள். ஆல் நெட்வொர்க்ஸ் பகுதியில் பாஸ்வேர்ட் புரொடெக்டட் ஷேரிங் இருக்கும், அது போட்டபடியே இருக்கட்டும். அதை அணைக்கச் சொல்லும் காணொளிகளை நம்பாதீர்கள்.

அப்புறம் மடிக்கணினியின் பவர்ஷெல்லில்: டெஸ்ட்-நெட்கனெக்ஷன் 192.168.0.110 -போர்ட் 445 (கோப்புப் பகிர்வின் கதவு எண்). கடைசி வரியில் ட்ரூ வந்தால் பாதை திறந்துவிட்டது, மீதிச் சண்டை எல்லாம் பெயரும் கடவுச்சொல்லும். ஃபால்ஸ் வந்தால் இன்னும் ஃபயர்வால் பக்கம்தான், வேறு நிறுவனத்து வைரஸ் தடுப்பு ஏதும் தன் சொந்த ஃபயர்வாலோடு உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். பிங்கை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். பகிர்வு திறக்காத விண்டோஸ் பிங்குக்குப் பதில் சொல்லாது, அதற்காகக் கணினி செத்துவிட்டது என்று அர்த்தமில்லை.

செந்தூல்வாசி · கோலாலம்பூர்

ட்ரூ வந்துவிட்டது! \\192.168.0.110 என்று தட்டினால் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது. மேசைக்கணினியைத் திறக்கும் 6 இலக்க பின் எண்ணைக் கொடுத்தேன், தவறு என்கிறது. நாலு தடவை சரிபார்த்துவிட்டேன்.

ஜெலுத்தோங்_அக்கா · பினாங்கு

பின் எண் அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும். அது நெட்வொர்க்கில் பயணிக்காது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைபவராக இருந்தால் கேட்பது அந்தக் கணக்கின் முழுக் கடவுச்சொல், பயனர்பெயர் மின்னஞ்சல் முகவரி. கடவுச்சொல்லே இல்லாத கணக்காக மாற்றியிருந்தால் கொடுப்பதற்கு எதுவுமே இருக்காது.

இதில் மல்லுக்கட்டுவதைவிட, பகிர்வுக்கென்றே மேசைக்கணினியில் ஒரு உள்ளூர்க் கணக்கு வைப்பதுதான் நிம்மதி. ஸ்டார்ட் பொத்தானை வலச்சொடுக்கினால் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட் வரும், புரோவில் இது உண்டு. அதில் லோக்கல் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ், யூசர்ஸ். வெற்றிடத்தில் வலச்சொடுக்கி நியூ யூசர். பெயர் வீடு என்று வைத்துக்கொள்வோம், அதை ஆங்கில எழுத்தில் சின்னதாக வையுங்கள், பிற்பாடு டிவியின் ரிமோட்டில் தட்ட வேண்டியிருக்கும். கடவுச்சொல் கட்டாயம் வேண்டும். கடவுச்சொல் வெறுமையாக இருக்கும் கணக்கை விண்டோஸ் நெட்வொர்க் வழியே உள்ளே விடாது. யூசர் மஸ்ட் சேஞ்ச் பாஸ்வேர்ட் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள், மறந்தால் முதல் நுழைவே தட்டிப்போகும்.

இனி கோப்புறை. பயனர் கோப்புறை முழுவதையும் பகிராமல், டி டிரைவில் தனியாக ஒன்று செய்து, வேண்டியதை அதற்குள் போடுங்கள். வலச்சொடுக்கு, ப்ராப்பர்ட்டீஸ், ஷேரிங், அட்வான்ஸ்டு ஷேரிங். ஷேர் திஸ் ஃபோல்டரில் டிக். கீழே பெர்மிஷன்ஸ்: எவ்ரிஒன் என்பதை நீக்கிவிட்டு, வீடு கணக்கைச் சேர்த்து, சேஞ்ச், ரீட் இரண்டிலும் டிக். இது பாதி வேலைதான். பலர் இங்கேயே நிறுத்திவிட்டு, கோப்புறை தெரிகிறது ஆனால் அனுமதி இல்லை என்று திரும்பி வருவார்கள். அதே ப்ராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி தாவலுக்குப் போய், எடிட், ஆட் கொடுத்து, அதே கணக்குக்கு மாடிஃபை கொடுக்க வேண்டும். ஷேரிங் தாவல் வாசல் காவலாளி, செக்யூரிட்டி தாவல் அறைக் காவலாளி. இரண்டு பேரும் விட்டால்தான் உள்ளே போகலாம். இருவரில் யார் கெடுபிடியோ அவர் சொல்வதே நடக்கும்.

மடிக்கணினியில் ஃபைல் எக்ஸ்ப்ளோரர், திஸ் பிசி, மேப் நெட்வொர்க் டிரைவ். முகவரி \\192.168.0.110\பகிர்வின் பெயர். கனெக்ட் யூசிங் டிஃபரண்ட் கிரெடென்ஷியல்ஸ் என்பதில் டிக் போட்டு, பயனர்பெயரைக் கணினியின்பெயர்\வீடு என்ற வடிவில் கொடுங்கள். வெறும் பெயரைக் கொடுத்தால் சில சமயம் மடிக்கணினியின் சொந்தக் கணக்கு என்று எடுத்துக்கொள்ளும்.

செந்தூல்வாசி · கோலாலம்பூர்

எல்லாம் செய்தேன் அக்கா. இப்போது 1219 என்று ஒரு பிழை. ஒரே சர்வருக்கு இரண்டு பெயரில் இணைய முடியாது என்கிறது.

ஜெலுத்தோங்_அக்கா · பினாங்கு

முன்பு மின்னஞ்சல் பெயரில் போட்ட இணைப்பு இன்னும் திறந்தபடி நிற்கிறது. கமாண்ட் பிராம்ப்டில் நெட் யூஸ் * /டெலிட், ஆமாம் என்று உறுதி செய்யுங்கள். பிறகு கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜர், விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் போய் 192.168.0.110-க்கு ஏதும் சேமித்திருந்தால் நீக்குங்கள். வெளியேறி, மறுபடி நுழைந்து, புதுக் கணக்கோடு இணையுங்கள்.

செந்தூல்வாசி · கோலாலம்பூர்

படங்கள் திறந்துவிட்டன. இசட் டிரைவாக நிற்கிறது. நன்றி அக்கா, நன்றி அண்ணே.

பட்டர்வொர்த்_வயரிங் · பினாங்கு

அந்த 110-ஐ நிலையாக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்த ஒரு நாளில் 110 வேறு கருவிக்குப் போய்விடும், இசட் டிரைவில் சிவப்புப் பெருக்கல் குறி விழும். ஐபிகான்ஃபிக் /ஆல் கொடுத்தால் ஃபிசிக்கல் அட்ரஸ் என்று 12 இலக்கம் வரும். ஹால் ரூட்டரின் பக்கத்தில் டிஎச்சிபி, அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற இடத்தில் அதையும் 192.168.0.110-ஐயும் சேர்த்து எழுதுங்கள். கணினியிலேயே கையால் முகவரி போடுவதைவிட இது மேல். ரூட்டர் மாறினால் ரூட்டரில் மட்டும் திருத்தினால் போதும். மேசைக்கணினி கேபிளில் இல்லாமல் வைஃபையில் இருந்தால், ராண்டம் ஹார்டுவேர் அட்ரஸ் அணைந்திருக்க வேண்டும், போட்டிருந்தால் ரிசர்வேஷன் வேலைக்கு ஆகாது.

சிராஸ்_கொண்டோ · கோலாலம்பூர்

இழையைக் கடத்துகிறேன் என்று கோபிக்க வேண்டாம். எனக்கு இணைப்பெல்லாம் சரி, வேகம்தான் இல்லை. இரண்டும் கேபிள், கிகாபிட் ரூட்டர், சுவர்ப் புள்ளி வழியே வாசிப்பறைக்கு. பெரிய காணொளியை நகலெடுத்தால் நொடிக்கு 11.3 மெகாபைட்டில் கோடு போட்டதுபோல் நிற்கிறது. ஹார்ட் டிஸ்க் பழசானதாலா?

பட்டர்வொர்த்_வயரிங் · பினாங்கு

ஹார்ட் டிஸ்க் கோடு போட்டதுபோல் நிற்காது, ஏறி இறங்கும். 11 சொச்சம் என்பது 100 மெகாபிட் இணைப்பின் உச்சவரம்பு. 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5, தரவோடு சேர்ந்து போகும் முகவரித் தலைப்புகளின் செலவு போக 11 சொச்சம். முழுக் கிகாபிட்டாக இருந்தால் 110 பக்கம் நிற்கும். செட்டிங்ஸில் ஈதர்நெட்டைத் திறந்து லிங்க் ஸ்பீடு பாருங்கள், 100/100 என்று இருக்கும்.

கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும், 100-க்கு நாலு போதும். ஏழு கம்பி சரியாகப் பிடித்து, நீலம், பழுப்பு ஜோடிகளில் ஒரு கம்பி விட்டுப்போனாலும் இரு முனையும் பேசிப் பார்த்துவிட்டு 100-க்கு இறங்கிக்கொள்ளும், எந்தப் பிழையும் காட்டாது. முதலில் கணினிக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சின்னக் கேபிளை மாற்றிப் பாருங்கள், பாதிப் பேருக்கு அதிலேயே முடியும். முடியாவிட்டால் சுவர்ப் புள்ளியின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். சில கட்டடங்களில் ஒரே கேபிளைப் பிரித்து இரண்டு ஜோடியை இணையத்துக்கும் மிச்சத்தைத் தொலைபேசிக்கும் கொடுத்திருப்பார்கள். மடித்துவிட்ட நீலமும் பழுப்பும் உள்ளே சும்மா கிடந்தால் அதுதான்.

எட்டையும் மாட்டும்போது 568பி வரிசை: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. பச்சை ஜோடி நீலத்தைத் தாண்டிப் பிரிந்து உட்காரும், கைவேலையில் தவறு விழும் இடம் அதுதான். நீலத்தையும் பச்சையையும் அடுத்தடுத்து அழகாக வைத்தால் சோதனைக் கருவியில் எட்டு விளக்கும் எரியும், ஆனால் முறுக்கு ஜோடி பிரிந்துபோனதால் இணைப்பு தடுமாறும். முறுக்கைப் பிரிப்பது முனையில் 13 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். சுவருக்குள் இருப்பது கேட்5இ என்றாலும் கவலை வேண்டாம், 100 மீட்டர் வரை கிகாபிட் தாங்கும். மறுமுனை டிபி பெட்டியில் (வீட்டின் கேபிள்கள் வந்து சேரும் பெட்டி) இருக்கும், அங்கும் அதே வரிசை. ஒரு முனையை மட்டும் மாற்றிவிட்டு வேகம் வரவில்லை என்று சொல்லக் கூடாது.

சிராஸ்_கொண்டோ · கோலாலம்பூர்

சின்னக் கேபிளை மாற்றியும் 100தான். மூடியைக் கழற்றினேன், சொன்னபடியே நீலமும் பழுப்பும் சுருட்டிக் கிடக்கின்றன. பஞ்ச் டூல் (கம்பியைப் புள்ளியில் குத்தி இறக்கும் கருவி) வாங்க வேண்டும்.

கெப்போங்_நெட் · கோலாலம்பூர்

லோயாட்டில் கிடைக்கும், பினாங்கில் இருப்பவர்களுக்குப் பிராங்கின் மால். கூடவே இரண்டு கேட்6 கீஸ்டோன் (சுவர்ப் புள்ளியின் சாக்கெட்) வாங்கிக்கொள்ளுங்கள், பழையதைக் குத்தி எடுத்தால் பல் தளர்ந்துவிடும்.

ஈப்போ_ரோடு_மெக் · கோலாலம்பூர்

செந்தூல்வாசியின் அதே கோப்புறையை மேக்கில் திறக்க ஃபைண்டரில் கமாண்ட், கே சேர்த்து அழுத்தி, எஸ்எம்பி://192.168.0.110 கொடுக்க வேண்டும் (எஸ்எம்பி என்பது விண்டோஸ் கோப்புப் பகிர்வு பேசும் மொழி). மறுபுறம், மேக்கிலிருந்து விண்டோஸுக்குப் பகிர்பவர்கள் ஃபைல் ஷேரிங்கைப் போட்டால் மட்டும் போதாது. அதன் உள்ளே ஆப்ஷன்ஸில், விண்டோஸ் ஃபைல் ஷேரிங் என்ற பட்டியலில் பயனருக்கு டிக் போட்டுக் கடவுச்சொல்லை மறுபடி கொடுக்க வேண்டும். அந்த டிக் இல்லாவிட்டால் விண்டோஸ் கடவுச்சொல் தவறு என்றே சொல்லிக்கொண்டிருக்கும். லினக்ஸில் கோப்புகளைப் பகிரும் சாம்பா நிரலிலும் இதே கதைதான். கணினியின் கடவுச்சொல் வேறு, சாம்பாவின் கடவுச்சொல் வேறு. smbpasswd -a கட்டளையால் தனியாகப் பதிய வேண்டும்.

செந்தூல்வாசி · கோலாலம்பூர்

இன்னொரு சந்தேகம். ஹால் ரூட்டரில் யுஎஸ்பி டிஸ்க் ஒன்று செருகியிருக்கிறது. மடிக்கணினியில் அது திறக்கிறது. மேசைக்கணினியில் மட்டும், உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை அனுமதிக்கவில்லை என்று வருகிறது. வீட்டில் ஏது நிறுவனம்?

ஜெலுத்தோங்_அக்கா · பினாங்கு

விண்டோஸுக்கு எல்லாரும் நிறுவனம்தான். ரூட்டர் டிஸ்கைக் கடவுச்சொல் இல்லாமல் விருந்தினராகத் திறந்து வைத்திருக்கிறீர்கள். 24எச்2 புரோவில் எஸ்எம்பி பேச்சு ஒவ்வொன்றும் கையொப்பத்தோடு வர வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள், விருந்தினராக நுழைவதையும் நிறுத்திவிட்டார்கள். கையொப்பத்துக்கு ஒரு திறவுகோல் வேண்டும், அது கடவுச்சொல்லிலிருந்துதான் பிறக்கும். விருந்தினருக்கு அது இல்லை. ஹோம் பதிப்பு இன்னும் விட்டுக்கொடுக்கிறது, அதனால் மடிக்கணினியில் திறக்கிறது.

ரூட்டர் பக்கத்தில் யுஎஸ்பி ஷேரிங்குக்கு ஒரு பெயர், கடவுச்சொல் வையுங்கள், அதோடு முடிந்தது. ரெஜிஸ்ட்ரியில் கைவைத்து விண்டோஸின் பாதுகாப்பை இறக்கும் வழியும் இணையத்தில் கிடைக்கும், வேண்டாம். எஸ்எம்பி1 என்ற பழைய பதிப்பைத் திரும்பப் போடச் சொல்வார்கள், அது அதைவிட வேண்டாம். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாகிரை வைரஸ் பரவியது அந்த ஓட்டை வழியாகத்தான். எஸ்எம்பி1 மட்டுமே தெரிந்த ரூட்டராக இருந்தால் டிஸ்கைப் பிடுங்கி மேசைக்கணினியில் மாட்டிப் பகிருங்கள்.

செந்தூல்வாசி · கோலாலம்பூர்

சரி அக்கா. இனி திரை. மேல்மாடிக் கணக்கு மென்பொருளைக் கீழிருந்தே ஓட்ட வேண்டும்.

கெப்போங்_நெட் · கோலாலம்பூர்

உங்களுக்கு அதிர்ஷ்டம், புரோ இருப்பது மேலே. ரிமோட் டெஸ்க்டாப்பில் திரையைக் கொடுக்கும் கணினி புரோவாக இருக்க வேண்டும், வாங்கும் கணினி ஹோமாக இருந்தால் பரவாயில்லை. இரண்டும் இடம் மாறியிருந்தால் இந்த வழி இல்லை.

மேசைக்கணினியில் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிமோட் டெஸ்க்டாப், ஆன். நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷன் டிக் அப்படியே இருக்கட்டும். மடிக்கணினியில் விண்டோஸ் பொத்தானோடு ஆர் அழுத்தி எம்எஸ்டிஎஸ்சி தட்டுங்கள், 192.168.0.110 கொடுங்கள். இங்கேயும் பின் எண் செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் கடவுச்சொல் சரியாக இருந்தும் மறுத்தால், மேசைக்கணினியின் சைன்-இன் ஆப்ஷன்ஸில், விண்டோஸ் ஹலோ மட்டும் என்ற தேர்வை அணைத்து, வெளியேறி, ஒரே ஒரு தடவை முழுக் கடவுச்சொல்லால் அந்தக் கணினியிலேயே நுழையுங்கள். எப்போதும் பின் எண்ணாலேயே நுழைந்த கணினிக்கு உங்கள் கடவுச்சொல் என்னவென்று தெரியாமலே இருக்கும்.

ஒரு விஷயம்: நீங்கள் கீழிருந்து நுழைந்ததும் மேல்மாடித் திரை பூட்டிக்கொள்ளும். ஒரு நேரத்தில் ஒருவர்தான். மேலே யாராவது வேலை செய்துகொண்டிருந்தால் சத்தம் கேட்கும்.

சிராஸ்_கொண்டோ · கோலாலம்பூர்

ஹோமிலும் ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறக்க ஒரு ரேப்பர் இருக்கிறதே?

கெப்போங்_நெட் · கோலாலம்பூர்

இருக்கிறது. விண்டோஸ் அப்டேட் வரும்போதெல்லாம் உடையும், வைரஸ் தடுப்பு பிடிக்கும், உரிமத்துக்கும் ஒத்துவராது. ஹோம் வைத்திருப்பவர்கள் ரஸ்ட்டெஸ்க் என்ற திரைப்பகிர்வு மென்பொருளைப் போடுங்கள். அதன் பாதுகாப்பு அமைப்பில் நேரடி ஐபி அணுகலைப் போட்டு, நிலையான கடவுச்சொல் ஒன்றும் வைத்துவிட்டால் வெளி சர்வர் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே ஓடும்.

செந்தூல்வாசி · கோலாலம்பூர்

ரிமோட் டெஸ்க்டாப் ஓடுகிறது, பக்கத்தில் உட்கார்ந்ததுபோல் இருக்கிறது. வேலையிடத்திலிருந்தும் நுழைய வேண்டுமானால் ரூட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்பின் கதவு எண் 3389-ஐத் திறந்துவிட்டால் போதுமா?

பட்டர்வொர்த்_வயரிங் · பினாங்கு

ஐயோ, வேண்டாம்.

கெப்போங்_நெட் · கோலாலம்பூர்

3389 இணையத்தில் திறந்திருக்கிறதா என்று இரவும் பகலும் தேடிக்கொண்டிருக்கும் நிரல்கள் உண்டு. திறந்த அன்றே கடவுச்சொல்லை ஊகிக்கும் முயற்சிகள் ஆரம்பித்துவிடும். எண்ணை 33890 என்று மாற்றினால் மறையும் என்பதும் பொய், எல்லா எண்ணையும் தட்டிப் பார்ப்பார்கள். தவிர, பல லைன்களில் திறந்தும் பயனில்லை. ரூட்டரின் வெளிமுகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடைப்பட்டிருந்தால், நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரியின் பின்னால் வைத்திருக்கிறது என்று பொருள். வெளியிலிருந்து உங்கள் வீட்டுக்கு வழியே கிடையாது.

டெய்ல்ஸ்கேல் போடுங்கள், உங்கள் கணினிகளை இணையம் வழியே தனி நெட்வொர்க்காக இணைக்கும் மென்பொருள். இரண்டு கணினியிலும் நிறுவி, ஒரே கணக்கில் நுழைந்தால் போதும். ரூட்டரில் எதையும் திறக்க வேண்டாம், உள்ளே ஓடுவது வயர்கார்டு என்ற மறைகுறியாக்க இணைப்பு. மேசைக்கணினிக்கு 100-இல் தொடங்கும் ஒரு முகவரி கிடைக்கும், எம்எஸ்டிஎஸ்சியில் 192.168.0.110-க்குப் பதில் அதைக் கொடுங்கள். இசட் டிரைவையும் அதே முகவரியில் இன்னொரு தடவை மேப் செய்யலாம். அந்தக் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்புக் கட்டாயம், உங்கள் வீட்டுச் சாவி இனி அதுதான். வேலையிடத்துக் கணினியில் நிறுவுவதற்கு முன் அங்குள்ள ஐடி ஆட்களைக் கேட்டுவிடுங்கள்.

செந்தூல்வாசி · கோலாலம்பூர்

அப்படியானால் மேசைக்கணினி நாள் முழுக்க ஓட வேண்டுமே?

பட்டர்வொர்த்_வயரிங் · பினாங்கு

சும்மா இருக்கும்போது 50 வாட் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 36 யூனிட். அது வேண்டாமென்றால் வேக் ஆன் லேன், அதாவது தூங்கும் கணினியை நெட்வொர்க் வழியே எழுப்புவது. பயாஸில் (விண்டோஸ் எழுவதற்கு முன் திறக்கும் அமைப்புத் திரை) வேக் ஆன் லேன் அல்லது பவர் ஆன் பை பிசிஐஇ என்பதைப் போடுங்கள், டீப் ஸ்லீப் அல்லது ஈஆர்பி என்பதை அணையுங்கள். விண்டோஸில் டிவைஸ் மேனேஜர், நெட்வொர்க் கார்டு, பவர் மேனேஜ்மென்ட் தாவலில் மூன்று டிக்கும். கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அணைந்திருக்கட்டும், ஷட் டவுன் செய்தபின் எழாமல் போவதற்கு அதுவே வழக்கமான காரணம். மேசைக்கணினி கேபிளில் இருப்பது நல்லதாகப் போயிற்று, வைஃபையில் இது நம்பகமில்லை.

வெளியிலிருந்து எழுப்புவதுதான் சிக்கல். தூங்கும் கணினியில் டெய்ல்ஸ்கேலும் தூங்கும். எழுப்பும் செய்தி வீட்டுக்குள் விழித்திருக்கும் ஏதாவது ஒன்றிலிருந்து கிளம்ப வேண்டும். சில ரூட்டர்களின் செயலியிலேயே எழுப்பும் பொத்தான் உண்டு, இல்லாவிட்டால் எப்போதும் ஓடும் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி ஒன்று போதும்.

பயாஸில் இருக்கும்போதே ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ் என்பதை பவர் ஆன் என்று வைத்துவிடுங்கள். சாயங்கால இடிமழையில் இஎல்சிபி (மின்கசிவுத் தடுப்பு சுவிட்ச்) விழுந்து, வீட்டில் யாராவது தூக்கிவிட்டதும் கணினி தானாக எழும். பலத்த இடி என்றால் ஃபைபர் பெட்டி, ரூட்டர், கணினி மூன்றின் பிளக்கையும் பிடுங்குங்கள். ஃபைபர் கண்ணாடி என்பதால் லைன் வழியே மின்னல் வராது, ஆனால் ரூட்டரின் மின் அடாப்டர் வழியே வந்து லேன் கேபிள் ஏறி மேல்மாடி போர்டையும் எடுத்துவிடும்.